மேலே போன மனு, கீழே வந்த கோப்பு

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்தின் நில வரலாற்றை மனுக்களைக் கொண்டு எழுதப் புறப்பட்டிருக்கிறீர்கள். நல்ல வழிதான், ஆனால் வழுக்கும் வழி. பழைய மனுவைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது ‘மக்களின் குரலை’. ‘தர்மப்பிரபு’, ‘கருணை கூர்ந்து’, ‘அடியேன்’ என்று ஒரே அச்சில் வார்த்த சொற்கள் வரிசையாக வந்ததும் சிலர் ஏமாந்து மனுவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் உருக்கமான இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றின் மேல் ஓர் அத்தியாயத்தையே கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேரும் செய்வது ஒரே பிழை: மனுவைத் தனிக் காகிதமாகப் படிக்கிறார்கள். யார் பெயருக்கு எழுதினார்கள், அது எந்தக் கைகள் வழியாக மேலே போனது, யாரிடம் திரும்பி வந்தது, வரும் வழியில் ஓரத்திலும் பின்பக்கத்திலும் யார் என்ன எழுதினார்கள், கடைசியில் எது பெட்டிக்குள் போனது, எது குப்பைக்குப் போனது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மனு. குடிமக்கள் எழுதியதை ஒரு பக்கமும் அதிகாரிகள் எழுதியதை மறுபக்கமும் பிரித்து அடுக்கினால் இரண்டுமே விளங்காமல் போகும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

முகவரியிலிருந்து தொடங்குங்கள். தனக்குத் தீங்கு செய்தவருக்கு யாரும் மனு எழுதுவதில்லை. அவருக்கு மேலே இருப்பவருக்குத்தான் எழுதுகிறார்கள். ஆகவே அதிகாரம் எங்கே இருப்பதாக மனுதாரர் நம்பினார் என்பதை உள்ளே இருக்கும் குறையைவிட முகவரி தெளிவாகக் காட்டும். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய சென்னை சுதேசி சங்கம், கோட்டையில் இருந்த கவர்னரைத் தாண்டி லண்டன் பாராளுமன்றத்துக்கே விண்ணப்பம் அனுப்பியது. வரி வசூலில் நடக்கும் கொடுமை 1854-இல் அங்கே விவாதத்துக்கு வந்தது. அதே ஆண்டு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் கமிஷன் சென்னையில் அமைந்தது. கிஸ்தி எனும் வரித் தவணையின் பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் நெரித்தது, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து அண்ணந்தாள் போட்டது என்று அதன்முன் வந்த முறையீடுகள் 1,959. நேரில் வந்து சொன்னவை 519. மீதி 1,440 கடிதங்கள். கமிஷன் ஜில்லா அதிகாரிகளிடமிருந்தும் எழுத்தில் விளக்கம் வாங்கியது. குடியானவனின் கடிதமும் கலெக்டரின் கடிதமும் ஒரே மேசையில் கிடந்து ஒன்றையொன்று உறுதிசெய்த அபூர்வமான தருணம் அது. ஆனால் முடிவைப் பாருங்கள். சித்திரவதை உண்டு என்று 1855 அறிக்கை ஒப்புக்கொண்டது. பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் போட்டு வெள்ளைக்கார அதிகாரிகளை விடுவித்தது. அடுத்து 1859-இன் 24-ஆவது சட்டத்தால் வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. சங்கத்தின் விண்ணப்பம் குற்றம் சொன்னது வரிமுறையை. கைக்கு வந்தது புதிய போலீஸ் இலாகா. முறையீடுகளை மட்டும் படித்தவருக்கு இந்தத் திருப்பம் புலப்படாது. அறிக்கையை மட்டும் படித்தவரோ அதைத் திருப்பம் என்றே உணர மாட்டார்.

உங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது. அதற்கு நூறாண்டுக்கு முன் திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகாக்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் நீங்கள் செங்கல்பட்டைத்தான் கேட்க வேண்டும், ஆங்கிலக் கோப்புகளில் ‘ட்ரிவெல்லூர்’ என்ற உருச்சிதைந்த பெயரையும் தேட வேண்டும். ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்டாடும் மிராசு முறை வேரோடிய ஜில்லா அது. தரிசு நிலம் வேண்டுமென்று வெளியாள் ஒருவர் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் கொடுத்தால், தங்களுக்கே முதல் உரிமை என்று மிராசுதாரர்கள் குறுக்கே நிற்க முடிந்தது. சேரியில் குடிசை நிற்கும் மனைகூடத் தங்களுடையது என்பார்கள். கூலி கூட்டிக் கேட்டவனை நிலத்திலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் விரட்டலாம். திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஈக்காட்டில் இருந்த வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் இந்த நிலையை எழுத்தில் கொண்டுவந்தவர்கள். 1891-இல் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலை பற்றி நீண்ட குறிப்பு ஒன்றை அரசுக்கு எழுதினார். நிலம் மறுக்கப்படுவதையும், மனை பறிபோகும் அச்சத்தையும், கடனால் ஆளையே கட்டிப்போடும் வழக்கத்தையும் அதில் அடுக்கினார். வருவாய் வாரியம் அவர் வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வருவாய்த் துறையின் 1010, 1010ஏ ஆணைகள் வெளிவந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கிய நிலத்தை இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதற்கு வேர் இந்த ஆணைகளில் இருக்கிறது. அப்போது கவர்னர் வென்லாக் பிரபு.

ட்ரெமென்ஹீரின் குறிப்பு ஓர் அதிகாரி தம் மேலிடத்துக்கு எழுதியது, மனு அல்ல. ‘அடித்தள வரலாறு’ எழுதுகிறேன் என்று சொல்லி இதை ஒதுக்குபவர் உண்டு. ஆனால் எழுதப்படிக்க வாய்ப்பில்லாதவர்களின் வழக்கு கோட்டைக்குள் போன வாசல்களில் இதுவும் ஒன்று. வழக்கு அதோடு நின்றுவிடவும் இல்லை. அந்தக் குறிப்பிலிருந்து பிறந்த ஆணையைப் பிடித்துக்கொண்டே அடுத்த தலைமுறைகள் மனு எழுதின. 1994-இல் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணை ஊரில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கலெக்டரின் குறிப்பு மக்களின் வாசகமாக மாற நூறு ஆண்டு ஆயிற்று. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணை எடுத்தாளும்போது, ஊர் வாரியான நிலப் பதிவேடான ‘அ’ பதிவேடு எதைக் காட்டுகிறது என்பதையும் பக்கத்தில் வையுங்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, உங்கள் ஊர்ச் சர்வே எண்ணில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் வேலை.

எதிர்வாதம் வரும். மனு என்பது கச்சேரி வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருடைய சரக்கு, அதில் மனுதாரர் எங்கே இருக்கிறார் என்பார்கள். ஞாயமான கேள்வி. ஆனால் கல்யாணப் பத்திரிகையின் வாசகமும் அச்சில் வார்த்ததுதான். அதை வைத்துக் கல்யாணமே நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வாய்பாடு என்பது அலுவலகக் கதவைத் திறக்கும் சாவி. அந்தச் சாவியைக் கொடுத்தவர் எழுத்தர்; எந்தக் கதவு, எப்போது, எந்தச் சர்வே எண்ணுக்காக என்பதைச் சொன்னவர் மனுதாரர். வாய்பாடு முறியும் இடத்தில் கண்ணை வையுங்கள். கையெழுத்தே இல்லாத மொட்டை மனுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளுக்கு அவை எப்போதும் எரிச்சல். விஷமிகள் வேலை என்று தள்ளிவிடுவார்கள். பொய்யும் அவற்றில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கவர்னருக்குப் போடும் மனு, படி இறங்கி இறங்கி, யார் மேல் புகாரோ அந்தத் தாசில்தாரின் மேசைக்கே அறிக்கை கேட்டு வந்து சேரும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. பெயரை மறைத்தவர் கோப்பின் பாதையை நன்றாகப் படித்தவர். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கும் மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்பதைப் பார்க்கும் இன்றைய மனுதாரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பாதிரியாருக்கு மதம் சேர்க்கும் ஆசை, கலெக்டருக்கு வரி வருமானத்தில் அக்கறை. இவர்கள் எழுதியதைச் சாட்சியமாகக் கொள்ளலாமா என்பது. நோக்கம் இல்லாத கடிதம் எந்தக் கோப்பிலும் கிடையாது. நோக்கம் இருப்பதால்தான் தாள் மேலே நகர்கிறது. மனு எழுதியவர்களும் அந்தக் கணக்கு தெரிந்தவர்களே. 1893-இல் பறையர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேரின் கையொப்பத்தோடு லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்: ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று. காங்கிரஸ் கேட்டதற்கு நேர் எதிர்க் கோரிக்கை. தேசியக் கண்ணாடி போட்டுப் படித்தால் இது துரோகமாகத் தெரியும். முகவரியோடு சேர்த்துப் படித்தால், உள்ளூர் மேல்சாதி அதிகாரியின் கையில் ஜில்லா போனால் தம் மனு எந்த மேசைக்குத் திரும்பி வரும் என்று கணக்கிட்டவர்களின் முடிவு அது என்பது விளங்கும். அந்தக் கணக்கோடு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. அது கணக்குதான், கெஞ்சல் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநில ஆளுநர்களுக்கு வந்து குவிந்த கடிதங்களோடு இவற்றை ஒப்பிடும் ஆசை உங்களுக்கு வரும். மிசிசிப்பி ஆளுநர்களின் கடிதங்கள் படியெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன, படியுங்கள். விடுதலை பெற்ற கறுப்பர்கள், பழைய எஜமானர்கள், உள்ளூர் அலுவலர்கள் எல்லோரும் ஒரே ஆளுநருக்கு எழுதினார்கள். ஆனால் 1870-இன் 15-ஆவது திருத்தத்துக்குப் பின் அங்கே கறுப்பின ஆணின் வாக்குரிமை சட்டமாகியிருந்தது. 1873-இல் ஆளுநராகத் தேர்வான அடெல்பர்ட் ஏம்ஸுக்கு எழுதியவர்களில் அவருக்கு வாக்களித்தவர்கள் இருந்தார்கள். வென்லாக் பிரபு லண்டனில் நியமனமாகிக் கப்பலில் வந்து இறங்கியவர். அங்கே வாக்காளர் எழுதினார், இங்கே பிரஜை எழுதினார். இந்த வேறுபாட்டை மறைத்து ‘இரு நாட்டு ஒடுக்கப்பட்டோர் குரல்’ என்று எழுதினால் கட்டுரை நன்றாக ஒலிக்கும், அவ்வளவுதான். ஒற்றுமை இருப்பது வேறோர் இடத்தில். 1875-இல் வன்முறைக்கு எதிராக ஏம்ஸ் குடியரசுத் தலைவர் கிராண்டிடம் படை கேட்டார், வாஷிங்டன் தயங்கியது. கடிதம் போய்ச் சேர்ந்த ஆளுநரே இன்னொருவருக்கு மனுதாரர் ஆனார். மேலே மேலே முகவரி மாறும் இந்தச் சங்கிலி அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

நிராகரிக்கப்பட்ட மனுக்களைத் தள்ளிவிடாதீர்கள். அனுமதிக்க ஒரு வரி போதும். மறுப்பதற்கு அலுவலகம் காரணம் எழுத வேண்டியிருக்கிறது, அந்தக் காரணத்தில்தான் அரசு தன்னைப் பற்றி நினைப்பது தெரியும். ஆனால் எண்ணிக்கை போட்டு அட்டவணை தயாரிக்கும் முன் நில்லுங்கள். நம் அலுவலகங்களில் கோப்பு முடியும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று அதன் ஆயுள் எழுதப்படுகிறது: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். சாதாரண மனு ஒன்றிலோ மூன்றிலோ அழிந்துவிடும். ஆவணக்காப்பகத்தில் எஞ்சியிருப்பது மக்கள் கேட்டதன் மாதிரி அல்ல, காக்கத்தக்கது என்று அலுவலகம் கருதியதன் மாதிரி.

உங்கள் வட்டாரத்தில் முகவரி இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தேர்வாய் கண்டிகையில் அரசின் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக மேய்ச்சல் காட்டை எடுப்பதை ஊரார் எதிர்த்தார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய மிஷ்லன் நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம் என்பதால், 2012-இல் இந்திய, பிரெஞ்சு அமைப்புகள் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளைக் கவனிக்கும் பிரெஞ்சு அரசு மையத்தில் முறையீடு பதிந்தன. பாராளுமன்றத்தைத் தேடி லண்டனுக்குப் போன மனு, 160 ஆண்டு கழித்து ஆலை முதலாளியைத் தேடிப் பாரிசுக்குப் போயிருக்கிறது. அந்தக் காகிதங்களை இப்போதே சேகரியுங்கள். ஊரில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பையில் நகல்கள் வைத்திருப்பார், அவற்றுக்கு ஓ.மு. முத்திரை கிடையாது. எழும்பூரில் 1892 ஆணையைக் கேட்டு வாங்கும்போது ஆணைப் பகுதியை மட்டும் படியெடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இன்றைய அரசுக் கடிதத்தில் ‘பார்வை’ என்று வருமே, அதுபோல அன்றைய ஆணைகளிலும் படிக்கப்பட்ட காகிதங்கள் முன்னால் வரும். அங்கிருந்து தொடங்குங்கள், 1010ஏ-யையும் சேர்த்துக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டிகளைத் திறந்த ஒருவர்