டெமோ ஆடும் கையோடு டெஸ்டர் வேலைக்கு

பிஎஸ்5 வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் முதல் பேச்சு ஜிடிஏ 6 எப்போது வரும் என்பதுதான். முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. 2025இல் வெளியீடு என்றார்கள். பிறகு அது 2026 மே 26 ஆனது; அதுவும் தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் எதிர்பார்க்கும் தரத்துக்கு மெருகேற்ற இன்னும் அவகாசம் வேண்டும் என்பதுதான் அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் சொன்ன காரணம்.

அந்த மெருகில் பெரும்பங்கு, கேமைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிக்கும் டெஸ்டர்களின் உழைப்பு. அது எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடக்கும் வேலையும் இல்லை. ராக்ஸ்டாருக்குப் பெங்களூரிலேயே கிளை உண்டு. 1997இல் தொடங்கிய த்ருவா இன்டராக்டிவ் என்ற நம்மூர் நிறுவனத்தை 2019இல் வாங்கி அந்தக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. புனேயில் யூபிசாஃப்ட் 2008 முதல் இருக்கிறது. டெஸ்டிங் அங்கே பெரிய பிரிவு. ஹைதராபாத்தில் இஏ இருக்கிறது. இவை போக, பல கேம் நிறுவனங்களுக்கு டெஸ்டிங்கை மட்டும் ஒப்பந்தத்தில் செய்துகொடுக்கும் நிறுவனங்கள் பெங்களூரிலும் புனேயிலும் இயங்குகின்றன. புதியவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கும் கதவு இந்த ஒப்பந்த நிறுவனங்களுடையதுதான்.

ஆகவே, "கேம் ஆடிக்கிட்டே சம்பளம் வாங்கலாமா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இது: வேலை உண்டு. ஆனால் நன்றாக ஆடத் தெரிந்ததற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. திரையில் தப்பாக நடந்ததை, பார்க்காத இன்னொருவர் அப்படியே திரும்ப நடத்திப் பார்க்கும்படி எழுதிக் கொடுப்பதற்குத்தான் சம்பளம்.

வேலை நாள் எப்படிப் போகும்? காலையில் புது பில்ட், அதாவது கேமின் அன்றைய பதிப்பு, வரும். முதலில் அது ஓடுகிறதா, மெனு திறக்கிறதா, சேவ் ஆகிறதா என்று மேலோட்டமாக ஒரு பார்வை. பிறகு உங்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. அது ஒரு கிராமத்துச் சந்தையாக இருக்கலாம். அந்தச் சந்தையின் ஒவ்வொரு சுவரிலும் கதாபாத்திரத்தைக் கொண்டுபோய் முட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது சுவருக்குள் புகுந்து வெளியே விழுகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரிடமும் பேச வேண்டும். பேச்சின் நடுவில் குதிக்க வேண்டும். குதித்தபடியே மெனுவைத் திறக்க வேண்டும். நேற்று சரிசெய்துவிட்டோம் என்று புரோகிராமர் சொன்ன பக், அதாவது கோளாறு, நிஜமாகவே போய்விட்டதா, அதைச் சரிசெய்யப் போய் வேறொன்று உடைந்துவிட்டதா என்பதும் உங்கள் பொறுப்பு. அடுத்த நாள் இன்னொரு பில்ட், அதே சந்தை. வாரக்கணக்கில் அதே சந்தை. கதை எப்படி முடிகிறது என்பது டெஸ்டருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். ரசித்து ஆடும் சுகத்தை எதிர்பார்த்து உள்ளே போகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுவார்கள்.

அந்தப் பொறுமைக்கு ஏன் மதிப்பு என்பதற்கு ஸ்கைரிம் நல்ல உதாரணம். 2011 நவம்பர் 11 அன்று வெளியான அந்த கேம், பிஎஸ்3இல் தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது. பல பத்து மணி நேரம் ஆடி சேவ் ஃபைல் பெருத்துப்போனவர்களுக்குத்தான் திணற ஆரம்பித்து, ஆடவே முடியாத அளவுக்கு மெதுவானது. முதல் பத்து மணி நேரத்தை மட்டும் ஆயிரம் தடவை சோதித்தாலும் அந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்காது.

பார்த்துச் சொன்னால் மட்டும் போதாது என்பதும் உண்மை. சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பிஎஸ்4இல் அதன் நிலைமை அவ்வளவு மோசமாக இருந்ததால் ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. ஆட்டக்காரர்கள் சந்தித்த பிரச்சினைகளில் பல எங்கள் சோதனையில் தெரியவில்லை என்றார் கேமை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர். தெரிந்துதான் இருந்தது, சரிசெய்ய நேரம்தான் இல்லை என்று உள்ளே வேலை பார்த்தவர்கள் பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். கண்டுபிடிப்பது டெஸ்டரின் கையில். சரிசெய்யலாமா, அப்படியே விடலாமா என்று முடிவெடுப்பது வேறொருவர். நீங்கள் எழுதிய ரிப்போர்ட் 'சரிசெய்யப் போவதில்லை' என்று மூடப்பட்டுத் திரும்பி வரும். அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த பக்கை அதே கவனத்தோடு எழுதும் மனசு வேண்டும்.

கன்சோல் ஆட்டக்காரருக்கு இந்தத் துறையில் தனி அனுகூலம் ஒன்று உண்டு. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூவரின் கன்சோல்களிலும் ஒரு கேம் வெளியாக வேண்டுமென்றால் அந்தந்த நிறுவனத்தின் சோதனையைத் தனித்தனியே தாண்ட வேண்டும். சோனியின் விதித்தொகுப்பை டிஆர்சி என்பார்கள், மைக்ரோசாஃப்டுடையது எக்ஸ்ஆர், நின்டெண்டோ நடத்துவது லாட்செக். இந்த விதிகளில் பல, கன்சோல் வைத்திருப்பவர் தினமும் பார்ப்பவைதான். ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலரின் சார்ஜ் தீர்ந்தால் கேம் தானாக நின்று செய்தி காட்டுகிறதா? சேவ் ஆகும்போது அது தெரியும்படி அடையாளம் வருகிறதா? இடம் நிரம்பிப்போன கன்சோலில் சேவ் செய்யப் பார்த்தால் என்ன ஆகிறது? இப்படிப் போகும் பட்டியல். சோனி, நின்டெண்டோ விதிகள் வெளியாருக்குக் கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்ஆர் விதிகளை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படியே வைத்திருக்கிறது. நேர்காணலுக்கு முன் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போகிறவர், படிக்காத நூறு பேரிலிருந்து தனியாகத் தெரிவார்.

இனி பயிற்சி. அதற்கு டெமோவைவிட நல்ல களம் இல்லை, காசும் வேண்டாம். டெமோ என்றாலே விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். பிரேவ்லி டிஃபால்ட் 2 கேமுக்கு 2020 மார்ச்சில் ஒரு டெமோ விட்டு, ஆடியவர்களிடம் கருத்து வாங்கி, என்னென்ன மாற்றினோம் என்று சொல்லி அதே ஆண்டு டிசம்பரில் இறுதி டெமோ ஒன்றையும் விட்டார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 16இன் டெமோ 2023 ஜூனில் வந்தபோது, அதில் விட்ட இடத்திலிருந்து முழு கேமைத் தொடர முடிந்தது. ரசிகருக்கு அது வசதி. டெஸ்டர் கண்ணோடு பார்த்தால் அங்கே கேள்விகள் வரிசையாக எழும்: டெமோவில் வாங்கிய பொருள் முழு கேமில் இருக்கிறதா? டெமோவை ஒரு மொழியில் ஆடி முழு கேமை வேறு மொழியில் திறந்தால்? டெமோவை அழித்துவிட்டால்?

அடுத்த டெமோவை இறக்கியதும் ஒருமுறை ஆசை தீர ஆடிவிடுங்கள். இரண்டாம் முறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். கதைக் காட்சி ஓடும்போது கன்சோலை ரெஸ்ட் மோடுக்கு அனுப்பி எழுப்புங்கள். கதவு திறக்கும் அதே நொடியில் பாஸ் அழுத்துங்கள். வைஃபையை அணையுங்கள். எதிரி சாகும் கணத்தில் நீங்களும் சாகப் பாருங்கள். ஏதாவது கோணலாக நடந்தால், அது திரும்பவும் நடக்கிறதா என்று ஐந்து முறை பாருங்கள்.

பிறகு எழுதுங்கள். இங்கேதான் பலர் தேர மாட்டார்கள். "மணிக்கூண்டு கிட்ட கேம் ஹேங் ஆகுது, ரொம்ப மோசம்" என்பது நண்பரிடம் சொல்லும் பேச்சு. ரிப்போர்ட் இப்படி இருக்க வேண்டும்:

தலைப்பு: மணிக்கூண்டுக் கதவு திறக்கும்போது பாஸ் செய்தால் கதாபாத்திரம் நகர்வதில்லை.
செய்தது: இரண்டாம் கட்டத்தில் மணிக்கூண்டுச் சாவியை எடுக்கவும். கதவின் முன் நின்று திறக்கும் பட்டனை அழுத்தவும். கதவு அசையத் தொடங்கியதும் பாஸ் அழுத்தவும். பாஸிலிருந்து வெளியே வரவும்.
நடந்தது: கதவு பாதியில் நிற்கிறது. கேமரா சுழல்கிறது; கதாபாத்திரம் மட்டும் நகர்வதில்லை. பழைய சேவைத் திறந்தால் சரியாகிறது.
நடந்திருக்க வேண்டியது: கதவு முழுதாகத் திறந்து, ஆட்டம் தொடர வேண்டும்.
எத்தனை முறை: ஐந்தில் நான்கு.

இதில் கோபம் இல்லை, ஊகம் இல்லை, 'மெமரி லீக்காக இருக்கலாம்' என்ற மேதாவித்தனமும் இல்லை. கன்சோல் மாடல், கேமின் வெர்ஷன் எண், வீடியோ மூன்றையும் சேர்த்தால் முழுமை. அந்த 'ஐந்தில் நான்கு' முக்கியமானது. எப்போதும் நடக்கும் பக்குக்கும் எப்போதாவது நடக்கும் பக்குக்கும் புரோகிராமர் தேடும் வழி வேறு.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் கேட்டுத் தயங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மேலே உள்ளது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். அலங்கார ஆங்கிலம் இங்கே இடைஞ்சல்தான். முதலில் தமிழிலேயே எழுதி, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பழகுங்கள். நன்றாக அமைந்த சில ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்தால், விண்ணப்பத்தோடு அனுப்ப உங்களிடம் ஒரு கோப்பு தயார்.

வேலை தேடும்போது 'கேம் டெஸ்டர்' என்று மட்டும் தேடாதீர்கள். க்யூஏ டெஸ்டர், க்யூசி டெஸ்டர், ஃபங்ஷனாலிட்டி டெஸ்டர், கம்ப்ளையன்ஸ் டெஸ்டர் என்று பல பெயரில் விளம்பரம் வரும். மொழி சோதிப்பவருக்கு எல்க்யூஏ என்று பெயர். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் போன்றவற்றைத் தாய்மொழி போல் கையாளத் தெரிந்தவர்களைத்தான் அதற்கு எடுப்பார்கள். கனடாவின் மொன்ட்ரியல் இந்த வேலைக்குப் பெரிய மையம். அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டும் வாய்ப்பு. சென்னையில் ஏற்கெனவே சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர்கள், ஐஎஸ்டிக்யூபி அமைப்பு கேம் டெஸ்டிங்குக்கென்றே தனிச் சான்றிதழ் வைத்திருப்பதைப் பார்க்கலாம். அது கட்டாயம் இல்லை.

முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 'வீட்டிலிருந்தே கேம் ஆடி மாதம் இவ்வளவு. பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வரும் செய்தி ஏமாற்று. ஒழுங்கான நிறுவனம் எதுவும் டெஸ்டரிடம் பணம் வாங்குவதில்லை. பிளேஸ்டேஷன் பீட்டா, எக்ஸ்பாக்ஸ் இன்சைடர் போன்ற திட்டங்கள் உண்மையானவை, இலவசமானவை. ஆனால் அவை சம்பள வேலை இல்லை. அனுபவத்துக்காகச் சேரலாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் பழக்கத்தில் ஒரு பெரிய மாற்றம் வரும். வரப்போகும் கேம்களைப் பற்றி நண்பர்கள் வாய் ஓயாமல் பேசும்போது, அதிகம் தெரிந்த நீங்கள்தான் பேசாமல் இருக்க வேண்டும். ரகசிய ஒப்பந்தம் அவ்வளவு கடுமை. 2022 செப்டம்பரில் ஒருவர் ஊடுருவி, ஜிடிஏ 6இன் அரைகுறை வீடியோக்கள் சுமார் 90ஐ வெளியே விட்டார். 2024 அக்டோபரில் நின்டெண்டோ 10,000 பேர் வரை சேர்த்து ஒரு சோதனை நடத்தியது. வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டும் உள்ளடக்கம் உடனே கசிந்துவிட்டது. இப்படிக் கசிவதைத் தடுக்கத்தான் பல அலுவலகங்களில் செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். அம்மாவிடம்கூட கேமின் பெயரைச் சொல்ல முடியாத வேலை என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எதிர்காலம்? காட் ஆஃப் வார் முதல் கேமை இயக்கிய டேவிட் ஜாஃபி, சோனியின் ஒரு பிரிவில் டெஸ்டராகத் தொடங்கியவர். அப்சிடியன் நிறுவனத்தை நடத்தும் ஃபெர்கஸ் அர்கார்ட் இன்டர்பிளேயில் டெஸ்டராக இருந்தவர். இப்படி மேலே போனவர்கள் உண்டு. ஆபத்தும் உண்டு. 2023இல் இஏ நிறுவனம் லூசியானாவில் 200க்கும் மேற்பட்ட டெஸ்டர்களை ஒரே காணொலி அழைப்பில் அனுப்பிவிட்டது. 2027 முடிவதற்குள் சோதனை வேலையில் 70 சதவீதத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்க விரும்புவதாக ஸ்குவேர் எனிக்ஸ் 2025இல் அறிவித்தது. மறுபக்கம், அமெரிக்காவில் ரேவன் சாஃப்ட்வேரின் டெஸ்டர்கள் 2022 மே மாதம் 19க்கு 3 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். டெஸ்டர்களை வந்து போகும் ஆட்களாக நடத்துவது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது மாறும்வரை உங்களைக் காத்துக்கொள்ள ஒரே வழி, பட்டன் அழுத்துவதற்கு அப்பாலும் தெரிந்துவைத்திருப்பது: யூனிட்டி அல்லது அன்ரியல் எஞ்சினில் அடிப்படை, பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதும் அளவுக்குப் பழக்கம். வேலையில் இருக்கும்போதே இவற்றைக் கற்று, இரண்டு மூன்று வருடத்துக்குள் அடுத்த படிக்கு நகரப் பாருங்கள்.

வேலைக் கடிதம் வந்ததும் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம்? நள்ளிரவு ஷிஃப்டுக்குப் படியும் வண்டியும் உண்டா? வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் கூடுதல் நேரம் உழைத்தால் அதற்குப் பணம் உண்டா? தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது; பெங்களூர் வாடகையைப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள். கடைசியாக, கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் வருமா என்று கேளுங்கள். ஒப்பந்த நிறுவனத்து டெஸ்டர்களின் பெயர்கள் அதில் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. ரகசிய ஒப்பந்தம் காரணமாக வேறெங்கும் சொல்லிக்கொள்ள முடியாத உழைப்புக்கு, அடுத்த நிறுவனத்தில் காட்ட இருக்கும் சான்று அந்த ஒரு வரிதான். பதிலை வாய்வார்த்தையாக இல்லாமல் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.