பொது ஓ.பி.யில் உட்காரப் போகிறவர் எதைப் படிக்கலாம்?

ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிகிற சமயத்தில் ஊர்ப் பிள்ளைகள் சிலர் யோசனை கேட்க வருவார்கள். முன்பெல்லாம் "மெடிசின் எடுக்கவா, சர்ஜரி எடுக்கவா?" என்று கேட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர், "சார், டயபடாலஜியில ஒரு ஃபெல்லோஷிப் போட்டுடலாம்னு அப்பா சொல்றாங்க" என்று ஆரம்பிக்கிறார்கள். அப்பாவுக்கு டயபடாலஜி மேல் எப்படி இத்தனை ஆசை வந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் கல்யாணப் பேச்சில் போய் முடிகிறது. பத்திரிகையில் பெயருக்குக் கீழே எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால் எடுப்பாக இல்லையாம். பக்கத்து வீட்டுப் பையன் போர்டில் இன்னும் நாலு எழுத்து இருக்கிறதாம்.

நீட் பி.ஜி. எழுதி எம்.டி., எம்.எஸ். போகிறவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பணியில் சேர்ந்து சர்வீஸ் ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்குப் போவதும் தெரிந்த வழிதான். சொந்த ஊரில் க்ளினிக் போடுகிறவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நிலைக்க நினைக்கிறவர்களும்தான் நான் மனதில் வைத்திருப்பவர்கள். காய்ச்சல், இருமல், சுகர், பி.பி., மூட்டுவலி, படர்தாமரை, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவர்கள் இவர்கள்.

இதற்கெல்லாம் தனியாக ஒரு படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண நோய்களின் வைத்தியம்தான் ஓசையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்துமாவை எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பு வரும்போது சால்புடமால் மட்டும் போதும் என்று நாங்கள் படித்தோம். 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் வயதினருக்கும் அப்படித் தனியாகக் கொடுக்கக் கூடாது, உறிஞ்சும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டது. வாரம் மூன்று நாள் கொடுத்த காசநோய் மாத்திரைகள் 2017 வாக்கில் தினசரி ஆயின. தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று நம் நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல்தான் வந்தது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை எழுதி எழுதி, அது எதற்கும் அடங்காத நோயாகிவிட்ட கதை நம் கண் முன்னால் நடந்தது. இறுதியாண்டுப் பாடத்தோடு நின்றுவிட்டவர் பத்து வருடத்தில் பழைய வைத்தியராகிவிடுவார்.

ஆகவே படிக்க வேண்டும். எதைப் படிப்பது என்பதில்தான் அந்த ஃபெல்லோஷிப் குறுக்கே வருகிறது.

அதற்குச் சொல்லப்படும் நியாயம் எளிது: எங்கு பார்த்தாலும் சுகர் நோயாளிகள், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. எண்ணிக்கை பொய்யில்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, பெரியவர்களில் 11.4 சதவீதம். அதே ஆய்வில் ரத்தக் கொதிப்பு 35.5 சதவீதம், மூன்று மடங்கு! ஆனால் பி.பி.க்கு ஒரு ஃபெல்லோஷிப் போடப் போகிறேன் என்று இதுவரை என்னிடம் ஒருவரும் வந்ததில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து எடுக்கிற முடிவு என்றால் அவர்கள் வந்திருக்க வேண்டும். இது போர்டுக்காக எடுக்கிற முடிவு.

அந்தப் படிப்புகளில் என்ன நடக்கிறது என்று கட்டணம் கட்டும் முன் கேளுங்கள். பலவற்றில் பதிவு செய்த வீடியோக்கள், வீட்டிலிருந்தே எழுதும் கொள்குறித் தேர்வு, ஏதோ ஒரு பெரிய மருத்துவமனையில் சில நாள் நின்று பார்ப்பது, பிறகு பட்டமளிப்பு விழா, அங்கி, புகைப்படம். நீங்கள் எழுதிய ஒரு மருந்துச் சீட்டையாவது யாராவது வாங்கிப் பார்த்து, இது ஏன், அது எங்கே என்று கேட்பார்களா? கேட்கமாட்டார்கள் என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல பாடப்புத்தகமும் ஒரு ஈ.சி.ஜி. கருவியும் வாங்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள், ஒரு துறையில் அதற்கான சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை அத்துறை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன. வார இறுதிப் படிப்பை வைத்துக்கொண்டு "சர்க்கரை நோய் சிறப்பு மருத்துவர்" என்று போர்டு எழுதினால், புகார் வருகிற அன்றைக்குத்தான் அந்த வரியின் விலை தெரியும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்த போர்டு டாக்டரின் கண்ணையே மாற்றிவிடுகிறது. சுகர் உள்ள ஒரு பாட்டி ஆறு நாள் காய்ச்சலோடு வருகிறார். சுகர் முந்நூறு. டாக்டர் இன்சுலினை ஏற்றுகிறார், சிறுநீர்த் தொற்று என்று ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார். மார்புக்குக் கீழேயோ அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பார்த்திருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்று தெரிந்திருக்கும், சில ரூபாய் டாக்ஸிசைக்ளினில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டிருக்கும். மூச்சிரைப்போடு தாமதமாக அனுப்பப்பட்ட இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுகர் மேல் கண் வைத்தவர் பாட்டியின் புடவையை விலக்கிப் பார்க்க மறந்துவிடுகிறார். சின்ன ஊரில் இன்னொன்றும் நடக்கும். "அவர் சுகர் டாக்டர்" என்று பெயர் விழுந்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

குறுகிய காலப் படிப்பெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் மோகன்ஸ் நீரிழிவுக் கல்வி அகாடமியும் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் சான்றிதழ்ப் படிப்பைப்போல, மாதம் ஒருமுறை நேரில் வரவைத்து, வேலையை விடாமலே கற்றுக்கொடுப்பவை உண்டு. அங்கே பத்து கிராம் மோனோஃபிலமெண்டால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கவும், சிறுநீர் ஆல்புமினையும் விழித்திரையையும் வருடம் தவறாமல் கேட்கவும் பழகினால் நல்லது. சான்றிதழை மேசை டிராயரில் வையுங்கள். போர்டில் வேண்டாம்.

இனி நான் போகச் சொல்லும் இடங்கள்.

மூன்று வருடம் ஒதுக்க முடிகிறவர்களுக்குக் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. அல்லது எம்.டி. இருக்கிறது. அதில் மெடிசின், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி, தோல் என்று சுற்றி வரவேண்டும், நீட் பி.ஜி. வழியாகத்தான் சேர வேண்டும். வீட்டில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "இப்பவும் அதைத்தானே பார்க்கிறே, அதுக்கு மூணு வருஷமா?" பிரிட்டனில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் இந்தப் பயிற்சி இல்லாமல் குடும்ப டாக்டராக உட்கார முடியாது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். லண்டன் என்றால் கொஞ்சம் காது கொடுப்பார். ஆனால் அந்த நாட்டுக் குடும்ப டாக்டர்கள் கல்லூரியின் அங்கீகாரத்தோடு தெற்காசியாவுக்காக நடக்கும் எம்.ஆர்.சி.ஜி.பி. இன்டர்நேஷனல் தேர்வை எழுதினால் அங்கே வேலை கிடைத்துவிடும் என்று நம்பி எழுதாதீர்கள், அது அந்த உரிமையைத் தராது. தேர்வுக்குத் தயாராகிற சாக்கில் நோயாளியிடம் பேசும் முறை நேராகும், அதுவே லாபம்.

ஏற்கெனவே க்ளினிக் போட்டுவிட்டவர்களுக்கும் கடன் கட்டுகிறவர்களுக்கும், வேலூர் சி.எம்.சி.யின் தொலைநிலைக் கல்வித் துறை நடத்தும் இரண்டு வருடக் குடும்ப மருத்துவ டிப்ளமோ. வருகிறவரையெல்லாம் மேலே தள்ளிவிடாமல் முடிந்தவரை இங்கேயே தீர்த்துவை என்பதுதான் அந்தப் படிப்பின் கொள்கை. எம்.டி.க்குச் சமமில்லை, சம்பள உயர்வும் வராது. இருந்தும் நான் முதலில் சொல்வது இதைத்தான். காலையில் படித்ததைச் சாயங்கால ஓ.பி.யில் பார்க்கலாம். கைப்பேசி வீடியோக்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, என் வயதுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த பாடத்தில் ஓரமாகப் பென்சிலால் எழுதிப் படிக்கிறவரைத்தான் நம்புகிறேன்.

அரசு நிலையத்தில் இருப்பவர்கள் தங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கும் பாடத்தைப் பார்ப்பதில்லை. ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஒருபக்க நெறிமுறைத் தாளைத்தான் சொல்கிறேன். எந்த அளவுக்கு எந்த மாத்திரை, எத்தனை நாளில் திரும்பப் பார்ப்பது, அடுத்து எதைச் சேர்ப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, கைக்கு ஏற்ற பட்டையைக் கட்டி அளக்க வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், வேண்டாத மாத்திரை எழுதிவிடுவீர்கள். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபின், வீடு வீடாக மாத்திரை போகிறது. மாத்திரை கொண்டுபோகிற ஊழியரின் குறிப்பேட்டை மாதம் ஒருமுறை உட்கார்ந்து படித்தாலே, யாருக்கு ஏன் பி.பி. இறங்கவில்லை என்று தெரியும். நான் கிராம செவிலியரிடமும் பார்மசிஸ்டிடமும் கற்றது எந்த வகுப்பிலும் கற்றதைவிடக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் கூட்டங்களுக்குப் போகலாம், பிரியாணியும் சாப்பிடலாம். பேச்சாளர் மருந்தின் வேதிப்பெயரைச் சொல்கிறாரா, கம்பெனிப் பெயரைச் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

யாருக்கு இந்த வேலை ஒத்துவரும் என்றும் சொல்ல வேண்டும். முப்பதாவது இருமலையும் முதல் இருமல்போல் கேட்க முடிகிறவருக்கு ஒத்துவரும். ஊசி போடச் சொல்லி அடம்பிடிக்கிறவரிடம் கோபப்படாமல் வைரஸ் காய்ச்சலை விளக்கத் தெம்பு வேண்டும். வயிற்றுப்போக்குக் குழந்தையின் அம்மாவுக்கு உப்புக்கரைசல் கலக்கச் செய்து காட்டி, துத்தநாக மாத்திரையை வயிற்றுப்போக்கு நின்றாலும் நிறுத்தாமல் மொத்தம் பதினாலு நாள் கொடுக்க வேண்டும் என்று அவரையே திருப்பிச் சொல்லவைக்கப் பொறுமை வேண்டும். இதில் சலிப்பு வருகிறவர் ரேடியாலஜிக்கோ மயக்கவியலுக்கோ போவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அப்பாவோ கோச்சிங் சென்டரோ கண்டுபிடிக்கக் கூடாது. ஒரு வருடமாவது கூட்டமான ஓ.பி.யில் உட்காருங்கள், பிறகு முடிவெடுங்கள். வருமானம் மெதுவாகத்தான் வரும். முதல் இரண்டு வருடம் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் உங்களைவிட அதிகம் பேருக்கு மருந்து கொடுப்பார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அதே 2002 விதிகள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியையும் எதிர்பார்க்கின்றன. எந்தக் கூட்டத்துக்குப் பணம் கட்டும் முன்பும், மாநில மருத்துவக் கவுன்சில் அதற்கு எத்தனை மணி நேரம் அங்கீகரித்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழை அன்றைக்கே கோப்பில் சேருங்கள். ஐந்தாவது வருடக் கடைசியில் மணிக்கணக்குத் தேடி ஓடுகிறவர்கள்தான் ஹாலின் பின்வரிசையில், கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.