தண்ணீருக்கு வழி விட்டு அடுக்குங்கள்

மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்கள் வத்தலக்குண்டைத் தொட்டுத்தான் போகும். மலையில் வாடகைக்கு விடும் பங்களா, ஹோம்ஸ்டே வேலைகளுக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள். சமையல் தெரியுமா, படுக்கை விரிப்பு மாற்றத் தெரியுமா என்று கேட்ட வீட்டுக்காரர்களில் சிலர் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: டிஷ்வாஷர் போடத் தெரியுமா?

பட்டனை அமுக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். பட்டன் கடைசி வேலை. பாத்திரத்தை அடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த இயந்திரம் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் முதலில் தன் வீட்டுப் பீங்கான்களை அளந்து, ஒவ்வொன்றும் ஆடாமல் உட்கார கம்பித் தடுப்பு செய்தார். சோப்புத் தண்ணீர் பீச்சும் ஏற்பாடெல்லாம் அந்தத் தடுப்பைச் சுற்றி வந்தவை. 1886 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. முதலில் வாங்கியவை ஹோட்டல்கள். வீடுகளுக்குள் அது பரவலாக நுழைய 1950களாயிற்று. அவர் அளந்தது பீங்கான் தட்டை. நம் எவர்சில்வர் டபராவை யாரும் அளக்கவில்லை. அங்கேதான் உங்கள் சாமர்த்தியம் தேவைப்படுகிறது.

இயந்திரம் தேய்க்காது. நாரும் இல்லை, கையும் இல்லை. துளை போட்ட சுழலும் கைகள் கீழிருந்து சுடுதண்ணீரைப் பீச்சும், அவ்வளவுதான். தண்ணீர் நேராகப் போய் மோதாத பக்கம் அழுக்காகவே வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் வைக்கும்போது, இதன் உள்பக்கத்தைத் தண்ணீர் தொடுமா என்று ஒரு நொடி பாருங்கள்.

முதலில் எச்சிலை வழித்துக் கொட்டுங்கள். கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, எலும்பு எல்லாம் போய் அடைப்பது அடியிலிருக்கும் வடிகட்டியைத்தான். ஆனால் குழாயடியில் வைத்துப் பளபளவென்று கழுவிவிட்டு உள்ளே வைப்பது வீண் வேலை. டிஷ்வாஷர் பொடியில் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் உண்டு. அவை அதைப் பார்த்துக்கொள்ளும். இப்போதைய இயந்திரம் ஒரு முறைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடும். அதற்கு முன்னால் நீங்கள் குழாயைத் திறந்துவிட்டால் அந்தக் கணக்கே அடிபட்டுப் போகும். காய்ந்த இட்லி மாவும் அடிப்பிடித்த பாலும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை ஊறவைத்துச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

கீழ் ரேக்கில் தட்டு, குழம்புச் சட்டி, எவர்சில்வர் குக்கர் அடிப்பாகம். எல்லாம் நடுவைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். நம் சாப்பாட்டுத் தட்டுக்கு விளிம்பு உயரம். கம்பிக்குக் கம்பி செருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி வையுங்கள். பொடி போடும் மூடி கதவில் இருக்கிறது. அதன் எதிரே பெரிய தட்டு நின்றால் மூடி திறக்காது. பொடி கரையாமல் கட்டியாகக் கிடக்கும்.

மேல் ரேக்கில் டம்ளர், டபரா, கிண்ணம், காபிக் கோப்பை. எல்லாம் கவிழ்த்து. டம்ளருக்குள் டம்ளர் சொருகுவது நம் கைப்பழக்கம். இங்கே அது ஆகாது. டபராவைத் தட்டையாகக் கவிழ்த்தால் அடிவிளிம்பில் தண்ணீர் தேங்கும், கொஞ்சம் சாய்த்து வையுங்கள். தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்ட வீடுகளில் ஃபில்டரும் வரும். அதை நான்காகக் கழற்றி, துளைத்தட்டு தனியாகப் படுக்கட்டும். நீளக் கரண்டியைக் கூடையில் நிறுத்தினால் மேலே சுழலும் கையைத் தடுத்துவிடும். மேல் ரேக்கில் குப்புறப் படுக்க வையுங்கள். கூடையில் கத்தி வைத்தால் முனை கீழே. கதவை மூடுமுன் சுழலும் கையை விரலால் ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கும் இடிக்காமல் சுற்றினால் அடுக்கியது சரி.

உள்ளே போகக் கூடாதவற்றின் பட்டியலைத்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் சோதிப்பார்கள். அலுமினியக் குக்கரும் இட்லித் தட்டும் காரப் பொடியில் கறுத்துவிடும். தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். பித்தளை மங்கும், மரக்கரண்டி வெடிக்கும். ஈயச்சொம்பு, கல்சட்டி பக்கமே போக வேண்டாம். பாட்டி வைத்துவிட்டுப் போன பொருளுக்கு யாராலும் மாற்று வாங்கித் தர முடியாது. பிளேடு பொருத்திய மிக்ஸி ஜாரையும் கையால் கழுவுவதே நல்லது.

மலைக்குளிருக்குத் தனிக் கவனம் வேண்டும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கொடைக்கானல் இரவில் சட்டியில் ஒட்டியது மெழுகாகிவிடும். காகிதத்தால் துடைத்துவிட்டு, 65–70 டிகிரி ஓட்டத்தில் போடுங்கள். அவசரத்துக்கென்று இருக்கும் குறுகிய ஓட்டம் கண்ணாடி டம்ளருக்குத்தான் லாயக்கு. உள்ளே வரும் தண்ணீரே சில்லென்று இருப்பதால் சூடேற நேரமும் கூடும்.

தண்ணீரின் கடினத்தைப் போக்க இயந்திரத்தில் போடும் உப்பு விஷயம் ஊருக்கு ஊர் மாறும். மழைத் தேக்கத்துத் தண்ணீர் மென்மையானது. போர் தண்ணீரிலும் வண்டித் தண்ணீரிலும் கடினம் அதிகம் இருக்கலாம். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு அவசியம். அதற்கென்று விற்கும் பரல் உப்பையே போடுங்கள், சமையல் தூளுப்பு வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பை ஊற்றினால் தரை முழுக்க நுரைதான்.

இயந்திரம் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் ஆள் குறைக்கப் பார்ப்பார். இயந்திரம் 14 செட் கொள்ளும் என்று சொல்வது ஐரோப்பியத் தட்டு, கோப்பை, ஸ்பூன் கணக்கு. நம் குழம்புச் சட்டிகள் இரண்டு ஏறினால் பாதி இடம் போய்விடும். முழு ஓட்டம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஏப்ரல், மே சீசனில் இருபது பேர் தங்கும் வீட்டை ஒரு இயந்திரத்தால் மட்டும் சமாளிக்க முடியாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். கூட்டம் பெரிதென்றால் இலை போடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அடிவாரத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை.

இந்த வேலை பழகியவருக்குப் பெரிய ஹோட்டல்களில் பாத்திரச் சுத்தம் பார்க்கும் கிச்சன் ஸ்டூவர்டிங் பிரிவு இருக்கிறது. அங்கே மேலிருந்து மூடி இறங்கும் இயந்திரம். சதுர ரேக்கில் வகை பிரித்து அடுக்கித் தள்ளினால் ஓரிரு நிமிடத்தில் வெளியே வரும். கடைசி அலசல் சுமார் 82 டிகிரி. அழுக்குப் பக்கம் நிற்பவர் சுத்தப் பக்கத்தைத் தொடக் கூடாது. யுட்டிலிட்டி என்ற கடைநிலை ஊழியராகச் சேர்பவர் சூப்பர்வைசர், சீஃப் ஸ்டூவர்ட் என்று ஏற, அடுக்குவதோடு இருப்புக் கணக்கும் உடைசல் கணக்கும் எழுதத் தெரிய வேண்டும். ஹோம்ஸ்டேயிலேயே ஒரு நோட்டு போட்டுத் தேதியோடு எழுதிப் பழகுங்கள். உடைந்த கண்ணாடிக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா, பிடித்தால் எவ்வளவு என்பதை முதல் நாளே கேட்டு அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.