வெங்காயத் தோலில் சிவக்கும் ஈஸ்டர் முட்டை

கிரீஸ் நாட்டு வீடுகளில் பெரிய வியாழனன்று அடுப்பில் வெங்காயத் தோல் கொதிக்கும். உயிர்ப்பு ஞாயிறுக்கான முட்டைகளுக்குச் சாயம் ஏற்றும் நாள் அது. சாயம் சிவப்பு, கிறிஸ்து சிந்திய இரத்தத்தின் நிறம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் நோன்பை முறையாகக் கடைப்பிடிப்பவர்கள் தவக்காலம் முழுவதும் இறைச்சி, பாலோடு முட்டையையும் தொடுவதில்லை. கோழிகளோ இடுவதை நிறுத்துவதில்லை. அப்படிச் சேர்ந்துபோன முட்டைகள்தான் நோன்பு முடிகிற இரவில் சிவப்பாகி மேசைக்கு வந்தன.

இப்போது அங்கேயும் கடைகளில் சாயப்பொடிப் பொட்டலம் கிடைக்கிறது. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். முட்டையெல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே சிவப்பாக இருக்கும். வெங்காயத் தோல் தருகிற செங்கல் சிவப்புக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. ஒவ்வொரு முட்டையிலும் ஒவ்வொரு விதமாக ஏறி நிற்கும் நிறம் இது. குப்பைக்குப் போகிற தோலும் கொஞ்சம் வினிகரும் இருந்தால் போதும். மஞ்சளும் நீலமும் வேண்டுமென்றால் மஞ்சள்தூளும் ஒரு ஊதா முட்டைக்கோஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் முட்டை. ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருகிற வெள்ளை முட்டையில் எல்லா நிறமும் தெளிவாக ஏறும். பழுப்பு ஓட்டில் மஞ்சளும் நீலமும் மங்கிவிடும்; ஆனால் வெங்காயச் சாயத்தில் போட்டால் வெள்ளை முட்டையைவிட ஆழ்ந்த சிவப்பு கிடைக்கும். அன்றைக்கு இட்ட முட்டை வேண்டாம். அவித்தபின் உரிக்கும்போது ஓடு வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு வாரம் ஆன முட்டை நல்லது. ஃபிரிட்ஜில் இருந்ததை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும். வினிகரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றையும் மெல்லத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது. பிசுக்குக் கையால் பிடித்த தடம் திட்டாக நின்றுவிடும்.

அடுத்து தோல். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோல் வேண்டும். கையில் எடுத்தால் சலசலக்கிற தோல் மட்டும்தான். அதற்கு அடியில் இருக்கும் ஈரமான வெள்ளைப் பகுதியில் நமக்கு வேண்டிய நிறம் இல்லை. கிரேக்கர்கள் பயன்படுத்துவது பொன்பழுப்புத் தோல் கொண்ட வெங்காயம். அந்தத் தோலிலிருந்து சிவப்பு வரும் என்று பார்த்தால் நம்பமுடியாது, ஆனால் வரும். நம் கடைகளில் கிடைக்கும் இளஞ்சிவப்பு வெங்காயத் தோலிலும் செய்யலாம்; நிறம் சற்றுக் கருக்கும். அதனால் முதலில் ஒரே ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தோலைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, வினிகரின் புளிப்பு அதை அரிக்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நன்றாகக் காய்ச்சிய டிக்காஷன் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்னும் பத்து நிமிடம். பிறகு வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் சேருங்கள்.

இனி முட்டைகளை ஒரே அடுக்காக, கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்குங்கள். பாத்திரம் சிறியதென்றால் இரண்டு தவணையாகச் செய்யலாம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் தொட்டுக்கொண்டிருக்கும் இடமெல்லாம் வெளிறிப்போகும். சாயம் முட்டைக்கு மேலே ஒரு விரல்கடை நிற்க வேண்டும்.

இறக்கிய கொஞ்ச நேரத்தில் குனிந்து பாருங்கள். ஓடு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் உள்ள அமிலம் பட்டதும் அது கரைந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய படலமும் இதில் விட்டுப்போகிறது, சாயம் பிடிக்க வழி திறக்கிறது. குமிழி நிற்கும் இடத்தில் சாயம் படாமல் புள்ளி விழும். ஆகவே கரண்டியின் பின்புறத்தால் முட்டைகளை அவ்வப்போது மெல்லப் புரட்டுங்கள். நிறம் கூடட்டும் என்று வினிகரை அதிகம் ஊற்றாதீர்கள். ஓட்டின் மேற்பரப்பே கரையத் தொடங்கி, பிடித்த சாயமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நடுத்தரத் தீயில் சூடேற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் முட்டைகள் முட்டிக்கொண்டு உடையும். சாயத்திலேயே ஆறட்டும். இப்போது ஆரஞ்சுச் செம்மண் நிறம் வந்திருக்கும். அடர்ந்த சிவப்பு வேண்டுமென்றால், ஆறியதும் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலையில் எடுங்கள்.

இதே சாயத்தில் இலைப் பதிவும் செய்யலாம். லாட்வியாவிலும் லிதுவேனியாவிலும் ஈஸ்டருக்குப் பரவலாகச் செய்கிற வேலை. பச்சை முட்டையின்மேல் நனைத்த கொத்தமல்லித் தழை ஒன்றை விரித்து ஒட்டுங்கள். தழையின் ஓரங்கள் எல்லாம் ஓட்டோடு படிய வேண்டும். ஓரம் தூக்கி நின்றால் அடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கிவிடும். பழைய நைலான் காலுறைத் துண்டுக்குள் முட்டையை விட்டு, துணி இழுபடுகிற மாதிரி இறுக்கி, பின்பக்கம் நூலால் கட்டி, மேலே சொன்னபடி வேகவையுங்கள். ஆறியபின் கட்டை வெட்டித் தழையை எடுத்தால், சிவப்புக்கு நடுவே அதன் காம்பும் பிளவுகளும் வெள்ளையாகத் தெரியும். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க ஏற்ற கட்டம் இதுதான், அடுப்பு வேலை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் நிறம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று டேபிள்ஸ்பூன் மஞ்சள்தூள், கால் மணி நேரக் கொதி, துணியில் வடிகட்டல், இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர். தனியாக அவித்த முட்டையை அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

நீலத்துக்குத்தான் பொறுமை வேண்டும். அரைக் கிலோ ஊதா முட்டைக்கோஸை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். தண்ணீர் ஊதாவாக இருக்கும். வினிகர் ஊற்றியதும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். பயப்பட வேண்டாம். அதில் ஊறுகிற முட்டை நீலமாகத்தான் வெளியே வரும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிறதல்லவா, அந்த மாதிரி மாற்றம்தான் இதுவும்: கோஸின் நிறமி அமிலத்தில் சிவப்புப் பக்கமும், காரத்தில் நீலப் பக்கமும் சாயும். முட்டை ஓடு காரத் தன்மை உடையது. முதல் ஒரு மணி நேரத்தில் வெளிறிய சாம்பல்தான் தெரியும். அவித்து ஆறவைத்த முட்டையை ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிட்டால் நல்ல நீலம் கிடைக்கும். மஞ்சளில் ஊறிய முட்டையை இதில் போட்டெடுத்தால் பச்சை.

பீட்ரூட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். சட்டியில் கண்ணைப் பறிக்கிற நிறம், கொதிக்கக் கொதிக்க மங்கிப் பழுப்பாகிறது. ஓட்டில் ஏறுவதும் சோகை பிடித்த இளஞ்சிவப்புதான்.

சாயத்திலிருந்து எடுத்த முட்டையைத் துடைக்கக் கூடாது. ஈரத்தில் நிறம் உரிந்துவிடும். கம்பித் தட்டின்மேல் வைத்துத் தானாக உலரவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் மெருகு ஏறும். கிரீஸில் அதற்கு ஆலிவ் எண்ணெய். வீட்டில் இருக்கிற எந்தச் சமையல் எண்ணெயும் சரி.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நாள் முழுக்க மேசையில் அலங்காரமாக இருந்த முட்டை சாப்பிட வேண்டாம்.

கிரேக்கர்கள் சனி நள்ளிரவு வழிபாடு முடிந்து வந்ததும் முட்டை மோதும் விளையாட்டில் இறங்குவார்கள். ஒருவர் முட்டையைக் கூர்முனை மேலே தெரியப் பிடித்திருக்க, மற்றவர் தன் முட்டையின் கூர்முனையால் ஒரு தட்டு தட்டுவார். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஒருவர் சொல்ல, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்பார் மற்றவர். உடைந்தவர் விலக, உடையாதவர் அடுத்தவரோடு மோதுவார். கடைசிவரை விரிசல் விடாத முட்டை யாருடையதோ அவருக்கு அந்த ஆண்டு நல்லதாக அமையும் என்பது நம்பிக்கை.

2027-இல் மேற்கத்திய திருச்சபைகளுக்கு ஈஸ்டர் மார்ச் 28. கிரேக்கர்களுக்கு மே 2. எந்த நாளுக்குச் செய்தாலும், ஒரு டஜன் முட்டைக்கு வேண்டிய தோல் ஒரே நாள் சமையலில் சேராது என்பதால் முன்கூட்டியே சேர்க்கத் தொடங்குங்கள். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் காய்ந்த தோலைத் துணிப்பையிலோ காகிதப் பையிலோ போட்டுவையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.