வெள்ளம் வடிந்தபின் முதற் பதினைந்து நாட்கள்

இலங்கையின் வறண்ட வலயத்திற் பெரும்போக நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பியே நடைபெறுகின்றது. பயிரை வாழ்விக்கும் அம்மழையே சில வருடங்களில் அளவு கடந்து பெய்து பயிரை அழித்தும் விடுகின்றது. 1957ஆம் ஆண்டு டிசெம்பர் மாத வெள்ளத்திற் பல குளங்கள் உடைப்பெடுத்தன. 2011ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் கிழக்கு மாகாணத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் உண்டான வெள்ளத்தாற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். அவ்வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குள், பெப்ரவரி மாதத்தில், இரண்டாவது வெள்ளமும் வந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

இத்தகைய வேளைகளில் அரசாங்கமும் பொதுமக்களும் அரிசி, பருப்பு, உடை, பாய் முதலியவற்றை வழங்குகின்றனர். பசித்தவர்க்கு உணவும் வீடிழந்தவர்க்கு ஒதுக்கிடமும் முதலில் வேண்டியனவே. ஆயினும் நிவாரண அரிசி சில வாரங்களுக்கே போதும். அதன்பின் குடும்பத்தைத் தாங்க வேண்டியது வயலும் தோட்டமுமேயாம். அவ்வயல் அப்போகத்தில் மீண்டும் விளைவதும் தரிசாய்க் கிடப்பதும், வெள்ளம் வடிந்தபின் வரும் முதற் பதினைந்து நாட்களிற் கமக்காரர் செய்யும் முடிவுகளையே பெரிதும் பொறுத்துள்ளன. இந்நாட்களில் இரு பிழைகள் நேர்வதுண்டு. ஒன்று, உயிருள்ள பயிரை மனமுடைந்து உழுதுவிடுதல். மற்றையது, இறந்த பயிர் துளிர்க்குமெனக் காத்திருந்து பருவத்தை இழத்தல். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகளே இங்கு கூறப்படுகின்றன.

நீரில் மூழ்கிய பயிர் இறப்பது ஏன்?

நெல் நீரில் வளரும் பயிராயினும் நீருக்குள் வாழும் பயிரன்று. இலையின் நுனி நீருக்கு மேலே தெரியுமாயின் அதன் வழியாகக் காற்று வேர்வரை செல்லும். பயிரும் பல நாட்கள் பிழைத்திருக்கும். முழுவதும் மூழ்கிவிடின் காற்றும் ஒளியும் குறைகின்றன. அப்போது இளம்பயிர் நீருக்கு மேலே எட்ட முயன்று, தன்னிடம் சேர்த்து வைத்த மாப்பொருளைச் செலவிட்டு நீளுகின்றது. மாப்பொருள் தீர்ந்தபின் தண்டு மெலிந்து, நீர் வடிந்ததும் சாய்ந்து விழுகின்றது. தெளிந்த நீரிலும் பார்க்கக் கலங்கிய நீர் கூடிய தீங்கு செய்யும். ஏனெனில் அது ஒளியை மறைப்பதோடு இலைகளிற் சேற்றையும் படியச் செய்கின்றது.

இரண்டு மூன்று நாள் மூழ்குதலைப் பெரும்பாலான பயிர்கள் தாங்கும். ஒரு வாரத்துக்கு மேற்படின் இழப்பு மிகும். இனத்துக்கு இனம் இதில் வேற்றுமையுண்டு. கொட ஹீனட்டி போன்ற நம் நாட்டுப் பழைய இனங்கள் சில மூழ்குதலைத் தாங்கும் இயல்புடையன என ஆராய்ச்சியிற் காணப்பட்டுள்ளது. ஆதலால் அயல் வயலின் பயிர் இறந்தது கண்டு உங்கள் வயலும் போயிற்றென முடிவு செய்தல் கூடாது. ஒவ்வொரு வயலையும் தனித்தனியே சோதித்தறிதல் வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

வயலிற் கால் வைக்க முடிந்தவுடன் வடிகால்களை அடைத்துள்ள குப்பை, மரக்கிளை, ஆற்றுவாழை ஆகியவற்றை அகற்றுங்கள். தேவையான இடங்களில் வரம்பை வெட்டி நீரை வடியவிடுங்கள். ஆயினும் கடும் வெயில் எறிக்கும் நாளில் வயலை முற்றாக வற்றவிடுதல் நன்றன்று. நீருக்குள் இருந்து மெலிந்த இலைகள் திடீரெனக் காய்ந்துவிடும். ஓரிரு அங்குல நீரை வைத்திருந்து, பயிர் நிமிர்ந்தபின் வடிப்பதே நலம். இலைகளிற் சேறு படிந்திருந்தால் தெளிந்த நீரைத் தெளித்துக் கழுவுதல் பயன் தரும்.

இதே மூன்று நாட்களுக்குள் இழப்பைப் பதிவு செய்தலும் அவசியம். கமக்காரர் அமைப்பு, கமநல சேவை நிலையம், கிராம உத்தியோகத்தர் ஆகியோருக்கு வயலின் பெயரையும், பரப்பையும், விதைத்த நாளையும் எழுத்து மூலம் அறிவியுங்கள். காப்புறுதி இருப்பின் அதற்குரிய அலுவலகத்துக்கும் அறிவித்தல் வேண்டும். அலுவலர் வந்து பார்வையிடுமுன் வயல் முழுவதையும் உழுதுவிட்டால் இழப்பைக் காட்டுதல் கடினமாகும். அவர்களுக்காகப் பல நாட்கள் காத்திருந்தால் பருவம் தவறும். ஆகவே உழவேண்டி வரின் நிழற்படம் எடுத்து வைத்து, ஒவ்வொரு வயலிலும் ஒரு மூலையை உழாது விடுங்கள்.

பயிர் உயிருடன் உள்ளதா?

நீர் வடிந்த நாலாம் அல்லது ஐந்தாம் நாளில் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். அதற்கு முன் பார்த்தால் ஐயமே மிஞ்சும். வயலின் நாலு மூலைகளிலும் நடுவிலும், பள்ளமான இடத்திலும் மேடான இடத்திலுமாகச் சில பயிர்களை வேரோடு பிடுங்கிக் கழுவுங்கள். இலைகள் மஞ்சளாயிருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தண்டின் அடிப்பாகத்தை நகத்தினால் அல்லது கத்தியினால் நீளவாட்டிற் பிளந்து பாருங்கள். குருத்தின் அடி வெண்மையாயும் உறுதியாயும் இருந்து, புதிய வெள்ளை வேர்களும் தோன்றியிருப்பின் பயிர் உயிருடன் உள்ளது. அடி கபில நிறமாகி, அழுகிய மணத்தோடு கையில் நசுங்குமாயின் அது இறந்துவிட்டது.

இவ்வாறு சோதித்த பயிர்களிற் பாதிக்கு மேற்பட்டவை உயிருடனிருப்பின், அதுவும் மட்டம் வெடிக்கும் பருவத்துக்கு முற்பட்ட பயிராயின், வயலை உழ வேண்டாம். எஞ்சிய பயிர்கள் மட்டம் வெடித்து இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பும். பெரிய வெற்றிடங்களில், அடர்த்தியாக உள்ள இடங்களிலிருந்து கன்று பிரித்து நடலாம். குடலைப் பருவத்தில் அல்லது பூக்கும் பருவத்தில் மூழ்கிய பயிர் பச்சையாகக் காணப்படினும் பதரே மிகலாம். கதிரைப் பிரித்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். முற்றிய கதிர் சாய்ந்து கிடப்பின் முளைவிடுமுன் அறுத்து உலர்த்துவதே முதல் வேலையாகும்.

பிழைத்த பயிரைப் பேணுதல்

மெலிந்த பயிரைத் தேற்றுவதற்காக உடனே யூரியா இடுதல் பலரது வழக்கம். இது பயன் தராது. புதிய வேர் ஓடாத பயிர் பசளையை உட்கொள்ளமாட்டாது. பசளை நீரோடு போய்விடும். புதிய இலை விரிந்தபின், அதாவது நீர் வடிந்து ஒரு வாரமளவிற் சென்றபின், வழமையான மேற்கட்டுப் பசளையிற் பாதியளவு யூரியாவைச் சிறிது பொற்றாசியப் பசளையோடு சேர்த்து இடுங்கள். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால், வெள்ளத்தினால் இலைகிழிந்த பயிரில் பக்ரீரியா இலை வெளிறல் நோய் விரைவிற் பரவும். கூட்டமாக வந்து இலையைத் தின்னும் புழுக்களும் வெள்ளத்தின் பின்னரே பெரும்பாலும் தோன்றுவதால், காலையிலும் மாலையிலும் வரம்போரங்களைப் பார்த்து வருதல் வேண்டும்.

மீள விதைக்குமுன் நாட்களை எண்ணுங்கள்

பயிர் இறந்தது உறுதியானால் அன்றே உழவுக்கு ஆயத்தம் செய்யுங்கள். எந்த இனத்தை விதைப்பது என்பதை ஆசை தீர்மானித்தலாகாது. எஞ்சியுள்ள நாட்களே தீர்மானித்தல் வேண்டும். கிழக்கில் மார்ச்சு இறுதியில் அல்லது ஏப்பிரல் முற்பகுதியில் அறுவடை முடிந்தாலே சிறுபோக வேலைகளைத் தொடங்கலாம். அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசெம்பர் இறுதிக்குள் விதைக்கக் கூடுமாயின் பீ.ஜீ. 300, ஏ.டி. 308 போன்ற மூன்று மாத இனங்கள் பொருந்தும். சனவரி நடுப்பகுதிவரை தாமதித்தால் பீ.ஜீ. 250 போன்ற இரண்டரை மாத இனங்களே பொருந்தும். அதற்கும் பின் நீர் வடியும் வயலில் நெல்லை விட்டு, மண்ணின் ஈரத்தைக் கொண்டு பயறு அல்லது கௌபி பயிரிடுதலே அறிவுடைமை. பயறு ஏறத்தாழ 65 நாட்களில் விளையும். மண்ணுக்கும் வளம் சேர்க்கும்.

விதைநெல்லைக் காத்தல்

விதைக்கென வைத்த நெல்லை உணவாக்க வேண்டிய நிலை வந்தால், அயலவரிடமோ நிவாரணக் குழுவிடமோ உணவரிசியைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை. உணவரிசியை எவரும் தரலாம். உங்கள் வயலுக்கேற்ற விதைநெல்லை உரிய நாளிற் பெறுதல் அரிது. உதவி செய்ய வருவோரும் இதனைக் கருத்திற் கொண்டு, அரிசிப் பொதியோடு குறுகிய கால விதைநெல்லையும் மரக்கறி விதைகளையும் கொண்டுவருவாராயின் அவ்வுதவி ஒரு போகம் முழுவதற்கும் நிற்கும்.

நனைந்த விதைநெல் சூடேறாது அப்போதுதான் முளைகட்டியிருப்பின் உடனே விதைக்கலாம். அல்லாதவற்றை மெல்லிய படையாகப் பரப்பி நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்துங்கள். பின் 100 நெல்மணிகளை எண்ணி ஈரச்சாக்கிற் சுற்றி வைத்து முளைதிறனைப் பாருங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் அதற்கேற்ப விதையளவைக் கூட்டுங்கள். பாதியும் முளையாத நெல்லை வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம். கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடுதலும் ஆகாது. 2011இற் போல இரண்டாவது வெள்ளம் வரக்கூடும். மேட்டு வயலை முதலிலும், பள்ள வயலைச் சில நாட்கள் கழித்தும் விதையுங்கள்.

நீர் வடியுமுன்னே நாற்றுவிடும் முறை

வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருப்பின் தாழ்ந்த வயல்களில் நீர் வடிய நாட்செல்லும். அந்நாட்களை வீணாக்காதிருக்க 'டபொக்' நாற்றுமேடை உதவும். இதற்கு வயல் வேண்டுவதில்லை. வீட்டு முற்றம், கோயில் வீதி, பாடசாலை வளவு ஆகிய மேட்டு நிலம் எதுவும் போதும். 10 அடி அகலமும் 15 அடி நீளமுமான மேடை ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் போதுமானது. மேடையின்மேல் வாழையிலையை அல்லது பொலித்தீனைப் பரப்பி, ஓரங்களை வாழைமடலால் அணைகட்டுங்கள். ஒரு நாள் ஊறவைத்து இரண்டு நாள் முளைகட்டிய நெல்லை நெருக்கமாகப் பரப்புங்கள். முதல் ஐந்தாறு நாட்கள் பூவாளியால் நீர் தெளித்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடுங்கள். 12 நாளளவில் நாற்றைப் பாய்போற் சுருட்டி வயலுக்கு எடுத்துச் செல்லலாம். நேரடியாக விதைக்க ஏக்கருக்கு 2 புசல் நெல் வேண்டியிருக்க, இம்முறைக்கு ஏறத்தாழ 1 புசலே போதும். விதைப் பஞ்சமுள்ள காலத்தில் இது பெரிய மிச்சமாகும்.

மணல் மூடிய வயல்

மெல்லிய வண்டல் படிந்த வயலுக்குக் கேடில்லை, உழுது கலந்துவிடலாம். ஓரிரு அங்குல மணலையும் ஆழ உழுது, வைக்கோல், எரு, பசுந்தாள் இட்டுத் திருத்தலாம். அரையடிக்கு மேல் மணல் மூடியிருப்பின் அதனை அகற்றுதலே வழி. இது தனியொருவரால் ஆகாத வேலை.

மரக்கறித் தோட்டம்

மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றின் வேர்கள் தேங்கிய நீரில் ஓரிரு நாட்களுள் அழுகத் தொடங்கும். நீர் வடிந்தவுடன் மேல்மண்ணை இலேசாகக் கிளறி, அடியில் மண் அணையுங்கள். திடீரென வாடும் செடிகளைப் பிடுங்கி எரியுங்கள்; வாடல் நோய் நீரோடு பரவும். வெள்ளநீர் மூடிய கீரைவகைகளை உண்ணவோ விற்கவோ கூடாது.

புதிதாய்ப் பயிரிடும்போது உயர்ந்த பாத்திகளை அமையுங்கள். முதலிற் கீரையையும் முள்ளங்கியையும் விதைத்தால் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துள் வீட்டுக்கு உணவும் கைக்குச் சிறிது பணமும் கிடைக்கும். அதனையடுத்து வெண்டி, பயிற்றை பலன் தரும். மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளின்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதையிடுதல் நாற்றழுகல் நோயைக் குறைக்கும்.

உழைப்பவரின் உடல்நலம்

வெள்ளத்தின்பின் வயல்நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சற் கிருமி மிகுதியாக இருக்கும். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வெள்ளத்தைத் தொடர்ந்து இந்நோயினால் உயிர்கள் போயின. கால்களிற் காயமுள்ளோர் சேற்றில் இறங்குதலைத் தவிர்த்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, தடுப்பு மருந்தைப் பெற்றபின் வேலை தொடங்குங்கள். காய்ச்சலும் தசைநோவும் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிணறுகளை இறைத்துக் குளோரீன் இட்டபின்னும் நீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள்.

வட்டை முழுவதும் ஒன்றாக எழுதல்

வாய்க்கால் ஒருவருக்கு உரியதன்று. மேல்வயற்காரர் வாய்க்காலைத் திருத்தாவிடின் கீழ்வயலுக்கு நீரில்லை. கீழ்வயற்காரர் வடிகாலைத் திறவாவிடின் மேல்வயல் வடியாது. ஒருவர் மட்டும் விதைத்தால் அயலிலுள்ள எலியும் பறவையும் அவர் வயலிலேயே கூடும். ஆகவே வெள்ளம் வடிந்த முதல் வாரத்துள் வட்டவிதானையும் கமக்காரர் அமைப்பும் கூட்டம் கூடி, வாய்க்கால் திருத்தும் சிரமதான நாளையும், விதைக்கும் இனத்தையும், விதைக்கும் நாளையும் ஒன்றாகத் தீர்மானித்தல் வேண்டும். உழவு யந்திரம் இல்லாதவர், கணவரை இழந்த பெண்கள், முதியோர் ஆகியோரின் வயல்களையும் அத்திட்டத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் வயல் தரிசாய்க் கிடந்தால் களையும் எலியும் அங்கிருந்தே வட்டை முழுவதற்கும் பரவும்.

இவ்வேலைகளுட் பல பெரும் பணத்தை வேண்டுவன அல்ல; காலத்தையும் ஒற்றுமையையுமே வேண்டுவன. ஆகவே நீர் வடிந்த நாளைக் குறித்து வைத்து, அன்றிலிருந்து பதினைந்து நாட்களை எண்ணி, ஒவ்வொரு நாளின் வேலையையும் அன்றன்றே முடித்துவிடுங்கள்.