தீர்ப்புக்குப் பிறகும் ஒரு நீதிபதி வேண்டும்

அன்புள்ள வள்ளி,

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்தானே அம்மான் என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான். தூக்குக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் அரசு விடக் கூடாது என்று 1978-ல் ஒரு வரம்பு வந்தது. 1980-ல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. வரம்பு முடிந்ததும் கதவு தானாகத் திறந்துவிடாது.

திறப்பது யார்? தண்டித்த நீதிபதி அல்ல. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர எதையும் அவர் தொட முடியாது. சீராய்வு மனுவும் தீர்ப்பில் பிழை உண்டா என்றுதான் பார்க்கும். இருபது வருஷத்தில் கைதி எப்படி மாறியிருக்கிறார் என்று பார்க்காது. அதைப் பார்ப்பது அரசும் ஆளுநரும் குடியரசுத் தலைவரும். தண்டித்த நீதிமன்றத்திடம் அரசு கருத்துக் கேட்கும், முடிவு அரசுடையது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் கதையைப் படி. சோலையார்பேட்டைக்காரர். 1991 ஜூனில் கைதானபோது வயது 19. 1999-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தது. குண்டுக்கான பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். கருணை மனு 11 ஆண்டு கிடந்ததால் 2014-ல் தூக்கு ஆயுளானது. விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவைக் கையில் எடுத்து விடுவித்தது. அவருக்காக ஓயாமல் போராடிய அற்புதம்மாள் மாதிரி ஒரு தாய் எல்லாக் கைதிக்கும் வாய்ப்பாளா?

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் பொதுமக்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டாரை ஒதுக்கிவிட்டு விடுதலையைப் பேசக் கூடாது. இந்தப் பரிசீலனை திறந்த நீதிமன்றத்தில் நடந்தால் அவர்களும் வந்து சொல்லலாம். அரசுக் கோப்புக்குக் காது கிடையாது. பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022-ல் குஜராத் அரசு விடுவித்ததும், அதை 2024 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் உனக்குத் தெரியும். அரசின் கை இறுகினாலும் ஆபத்து, தளர்ந்தாலும் ஆபத்து.

தண்டனைக்குப் பிறகு கேட்க ஆளில்லாத நிலையை நம் திருப்பத்தூர் முன்பே பார்த்திருக்கிறது. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களை இங்கேதான் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, இளம்பிள்ளை, அடுத்த பிப்ரவரியில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். 1818-ல் அங்கே போன வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, அவன் உடைந்துபோய் அடையாளமே தெரியாமல் நின்றதை எழுதியிருக்கிறார். வீட்டாருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக் கேட்டானாம். கடமை தடுத்ததால் அதையும் வெல்ஷ் வாங்கவில்லை. அந்தத் தண்டனை இன்னும் தேவையா என்று யார் கேட்பது?

ஜெர்மனியில் ஆயுள் கைதிக்கு 15 ஆண்டு ஆனதும் நீதிமன்றமே பரிசீலிக்கிறது. விடலாம், மறுக்கலாம், காரணம் சொல்லியாக வேண்டும். நமக்கும் அதுதான் வேண்டும் என்பது என் கட்சி. நீதிமன்றங்களில் ஏற்கெனவே வழக்கு குவிந்திருக்கிறதே என்பாய். நியாயம்தான். ஆனால் சிறை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சொல் மூன்றையும் வைத்து மாவட்ட நீதிபதி விசாரித்தால், ஒரு கொலை வழக்கு தின்னும் நாட்களில் சிறு பங்கு போதும்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல அடி எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. தண்டனைக் குறைப்புக் கொள்கை உள்ள மாநிலங்கள், தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் தாமாகவே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு எழுதத் தெரியாதவருக்கும் இனி வழி உண்டு. அந்தத் தீர்ப்பை முழுக்கப் படி. என் வாதத்துக்கு நீ மறுப்புச் சொல்ல நினைக்கும் இடங்களைக் குறித்து வை. பொங்கலுக்கு வரும்போது பேசுவோம்.

அன்புடன்,
உன் அம்மான்
திருப்பத்தூர்