இடைவணிகரும் மாற்றத்தக்க எல்.சி.யும்

வாங்குபவருக்கும் உற்பத்தியாளருக்கும் நடுவே நின்று, சரக்கைத் தம் பெயரிலேயே வாங்கித் தம் பெயரிலேயே விற்பவரே இடைவணிகர். தரகுக்கூலி மட்டும் பெறும் தரகரிலிருந்து அவர் வேறுபட்டவர். பெருமுதல் இல்லாத இடைவணிகர், வாங்குபவர் தரப்போகும் பணத்தைக் கொண்டே உற்பத்தியாளரின் கணக்கையும் தீர்க்க வேண்டியவராக இருக்கிறார். குறித்த ஆவணங்கள் குறித்த நாளுக்குள் ஒப்படைக்கப்பட்டால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி விற்பவருக்கு எழுதிக் கொடுக்கும் உறுதியை வணிகர்கள் எல்.சி. என்பர். அந்த உறுதியின் பயனை முழுமையாகவோ பகுதியாகவோ தமக்குச் சரக்குத் தருபவரின் பெயருக்கு மாற்றிக்கொள்ள முதல் பயனாளியாகிய இடைவணிகருக்கு இடமளிக்கும் எல்.சி.யே மாற்றத்தக்கது எனப்படுகிறது.

பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சபை 1933இல் முதலில் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய விதித்தொகுப்பின் இன்றைய வடிவம், 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 ஆகும். அதன் 38ஆம் பிரிவு இடைவணிகரின் உரிமைகளை வரையறுக்கிறது என்றாலும், அப்பிரிவின் தொடக்கமே ஓர் எச்சரிக்கையாக அமைந்துள்ளது: தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அளவுக்கும் முறைக்கும் அப்பால் எல்.சி.யை மாற்றித்தர எந்த வங்கியும் கடமைப்பட்டதன்று. இதன் கனத்தை வணிக உலகுக்கு உணர்த்தியது, 1988ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற, பேங்க் நெகாரா இந்தோனேசியாவுக்கும் சிங்கப்பூரின் லாரிசா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. எல்.சி.யில் ‘மாற்றத்தக்கது’ என்று எழுதியிருந்தது. ஆயினும் அச்சொல் மட்டுமே வங்கியின் முன்னனுமதி ஆகிவிடாது என்றும், மாற்றக் கோரும்போது வங்கி தனியே இசைவு தர வேண்டும் என்றும் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆகவே உற்பத்தியாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, மாற்றித்தர வேண்டிய வங்கி எது, அது எந்த நிபந்தனைகளோடு மாற்றித்தரும், எவ்வளவு கட்டணம் பெறும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. வேறு உடன்பாடு இல்லையேல் அக்கட்டணம் முதல் பயனாளியின் தலையில்தான் விழும்.

மாற்றும்போது எல்.சி.யின் எல்லா அம்சங்களையும் விருப்பம்போல் திருத்திவிட இயலாது. தொகை, ஓரலகு விலை, காலாவதி நாள், கடைசி ஏற்றுமதி நாள், ஆவணம் ஒப்படைக்கும் காலம் ஆகியவற்றைக் குறைக்கலாம். காப்பீட்டு விகிதத்தை உயர்த்தலாம். வாங்குபவரின் பெயர் இருக்குமிடத்தில் இடைவணிகர் தம் பெயரை இட்டுக்கொள்ளலாம். சரக்கின் விவரிப்பைத் தொட முடியாது. காப்பீடு பற்றிய விதி பலருடைய கவனத்திலிருந்து தப்பிவிடுவதால் அதைக் கணக்கிட்டே விளக்க வேண்டியிருக்கிறது. மூல எல்.சி. 1,00,000 டாலருக்கும், மாற்றிய எல்.சி. 88,000 டாலருக்கும் இருப்பதாகவும், மூல எல்.சி. 110 சதவீதக் காப்பீடு கேட்பதாகவும் கொள்வோமாயின், தேவையான காப்பீடு 1,10,000 டாலர். மாற்றிய எல்.சி.யிலும் அதே 110 சதவீதத்தை விட்டுவைத்தால் உற்பத்தியாளர் 96,800 டாலருக்கே காப்பீடு எடுப்பார். ஆவணம் மூல எல்.சி.யோடு முரண்படும், வங்கி பணம் தர மறுக்கலாம். விகிதத்தை 125 சதவீதமாக உயர்த்தினால் தொகை சரியாகப் பொருந்தும்.

நாள்களைக் குறைப்பதும் இதேபோல் இன்றியமையாதது. உற்பத்தியாளரின் ஆவணங்கள் மாற்றித்தந்த வங்கிக்கு வந்து சேர்ந்தபின், இடைவணிகர் உற்பத்தியாளரின் இன்வாய்ஸை எடுத்துவிட்டுத் தம் இன்வாய்ஸை வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 12,000 டாலரைப் பெறுகிறார். கேட்ட முதல் முறையிலேயே அவர் இன்வாய்ஸைத் தராவிட்டாலும், தந்த இன்வாய்ஸில் புதிய முரண்பாடு தோன்றி அதை முதல் கோரிக்கையிலேயே திருத்தாவிட்டாலும், உற்பத்தியாளரின் ஆவணங்களை வந்தபடியே எல்.சி. திறந்த வங்கிக்கு அனுப்ப, மாற்றித்தந்த வங்கிக்கு உரிமை உண்டு. லாபம் போவதோடு, கொள்முதல் விலையும் உற்பத்தியாளர் பெயரும் வாங்குபவரின் கைக்குச் சென்றுவிடுகின்றன. இன்வாய்ஸை மாற்றி வைக்கத் தேவையான அவகாசம் மாற்றிய எல்.சி.யின் காலக்கெடுவுக்கும் மூல எல்.சி.யின் காலக்கெடுவுக்கும் நடுவே இருந்தால்தான் இந்த ஆபத்து விலகும்.

இன்வாய்ஸை மாற்றினால் மட்டும் ரகசியம் காக்கப்படும் என்று நம்புவது தவறு. கப்பல் ரசீது, பேக்கிங் பட்டியல், பிறப்பிடச் சான்றிதழ், ஆய்வுச் சான்றிதழ் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள இடைவணிகருக்கு உரிமை இல்லை; அவை அப்படியே வாங்குபவரிடம் போகின்றன. எனவே வாங்குபவரின் பெயர் இன்வாய்ஸைத் தவிர வேறெந்த ஆவணத்திலும் வர வேண்டும் என்று மூல எல்.சி. கேட்காதபடி, அதன் வரைவு நிலையிலேயே கவனித்தாக வேண்டும். கேட்டிருந்தால் அந்நிபந்தனை மாற்றிய எல்.சி.யிலும் இடம்பெற்று, வாங்குபவர் யாரென உற்பத்தியாளருக்குத் தெரிந்துவிடும். மறுபுறம், கப்பல் ரசீதில் சரக்கு அனுப்புபவராகக் காட்டப்படுபவர் எல்.சி.யின் பயனாளியாகவே இருக்க வேண்டியதில்லை என்று 14ஆம் பிரிவு சொல்வதால், அங்கே இடைவணிகரின் பெயரையோ வேறொருவரின் பெயரையோ காட்ட முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். எல்.சி. திறக்கப்பட்ட பிறகு இவற்றைக் கேட்பது பெரும்பாலும் காலங்கடந்த செயல்; ஏனெனில் பயனாளி, எல்.சி. திறந்த வங்கி, கூடுதலாக உறுதியளித்த வங்கி இருந்தால் அதுவும் ஒப்பாமல் எந்தத் திருத்தமும் நிறைவேறாது.

வாங்குபவர் மாற்றத்தக்க எல்.சி.க்கு இசையாவிட்டால், மூல எல்.சி.யைப் பின்புலமாகக் காட்டித் தம் வங்கியில் இரண்டாவது எல்.சி. திறப்பது மற்றொரு வழி. இவை இரண்டும் ஒன்றையொன்று சாராத தனித்தனி உறுதிகள் என்பதை இடைவணிகர் மறத்தல் கூடாது. இரண்டாவது எல்.சி.யின்படி உற்பத்தியாளருக்குப் பணம் போய்விட்டபின், முதல் எல்.சி.யில் ஓர் ஆவணக் குறையால் பணம் மறுக்கப்படுமானால், அந்தத் தொகையைத் தம் வங்கிக்குக் கட்ட வேண்டியவர் இடைவணிகரே. அதனாலேயே வங்கிகள் முதல் எல்.சி.யை மட்டும் பார்த்து இதைத் திறந்துவிடாமல், அவருடைய சொத்தையும் கடன் வரம்பையும் சேர்த்துப் பார்க்கின்றன.